தட்டில் முளைத்த சாட்சி

டாக்டர் வீட்டு முன்கட்டில் பெஞ்சியில் உட்கார்ந்து சிவப்பு மிக்ஸ்சருக்காகக் காத்திருந்த தலைமுறையினருக்குக் கம்பவுண்டர் என்பவரைப் பற்றி விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. டாக்டர் எழுதிய சீட்டைக் கையில் வாங்கி, அலமாரியில் வரிசையாக நின்ற ஜாடிகளிலிருந்து இதில் இத்தனை அவுன்ஸ், அதில் இத்தனை துளி என்று அளந்து கலந்து, வேளைக்கு இவ்வளவு என்று நோயாளிக்குத் தெரியும்படி ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைச் சீசாவின் விலாவில் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், கம்பெனி மாத்திரைகள் அட்டை அட்டையாகக் கடைகளில் வந்து குவிந்த பிறகு, ஊர்களிலிருந்து மெல்ல மறைந்துபோனார். அவர் செய்த வேலை மட்டும் மறையவில்லை. மாதம் நிறையுமுன்பே பிறந்து, பால் குடிக்கச் சக்தியில்லாமல் கிடக்கும் சிசுவுக்கு, அதன் அன்றைய எடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்றபடி சர்க்கரையும் புரதச் சத்தும் உப்புகளும் கூட்டியும் குறைத்தும் கலந்து, ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் ஆகாரம் பல சமயங்களில் அன்றன்று கையால் தயாராகவேண்டியிருக்கிறது. புற்றுநோய்க்காரருக்கு உடம்பின் அளவைக் கணக்கிட்டுக் கொடுக்கும் மருந்தும், பெரிய குப்பியிலிருந்து சிறு சிரிஞ்சுகளில் பிரித்தெடுத்துக் கண்ணுக்குள் போடும் ஊசியும் அத்தகையவையே. ஆகவே பழைய கம்பவுண்டரின் காரியம் இப்பொழுது பெரிய ஆஸ்பத்திரிகளின் உட்புறத்தில், வெளியார் எட்டிப் பார்க்க முடியாத ஓர் அறைக்குள், ஃபார்மஸிஸ்டுகளின் கையில் நடந்துகொண்டிருக்கிறது.

பொறுப்பு மட்டும் பன்மடங்கு பெருகிவிட்டது. மிக்ஸ்சரில் ஒன்றிரண்டு கிருமிகள் விழுந்திருந்தாலும், வயிற்றிலுள்ள அமிலமும் குடலும் ஈரலும் வழிமறித்து அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிடும். அதிகம் போனால் குடித்தவருக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு விஷயம் முடிந்துவிடும். ரத்தக் குழாயிலும், முதுகெலும்பை ஒட்டிய இடத்திலும், கண்ணின் உட்புறத்திலும் நேராகச் செலுத்தும் மருந்துக்கு அந்தக் காவல் எதுவும் கிடையாது. அங்கே மருந்தோடு போகும் ஒரு சிறு பூஞ்சை வித்து, உடம்பின் வெப்பத்திலும் ஈரத்திலும் நிதானமாக வேர் விடுவதற்கு வேண்டிய அவகாசம் முழுவதும் அதற்குக் கிடைக்கிறது. மருந்து ஸ்டீராய்டாக இருந்துவிட்டாலோ, கிருமியை எதிர்க்கும் சக்தியை அதுவே அந்த இடத்தில் அடக்கிவைத்து உபகாரமும் செய்துவிடுகிறது.

கிளீன் ரூம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் அந்த அறையின் அமைப்பு முழுவதும் காற்றைப் பற்றிய ஓர் எச்சரிக்கையே. அரை மைக்ரான் அளவோ அதற்கு மேலோ உள்ள தூசுத் துகள்கள் (அரை மைக்ரான் என்பது தலைமயிரின் கனத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு) சாதாரண அறையில் ஒரு கன மீட்டர் காற்றில் கோடிக்கணக்கில் மிதக்கலாம். மருந்து கலக்கும் மேடையில், அதாவது ஹூட்டுக்குள், அவை 3,520-க்கு மேல் இருக்கக்கூடாது. ஹூட் இருக்கும் அறையில் 3,52,000. அதற்கு முன்னாலுள்ள, கை கழுவி உடை மாற்றும் அறையில் 35,20,000. இப்படி உள்ளே போகப் போகப் பத்திலும் நூறிலும் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே போவதற்காக, உள்ளறையின் காற்றழுத்தத்தை வெளியறையினுடையதைவிடச் சற்றே உயர்த்திவைத்து, கதவைத் திறக்கும்போது காற்று வெளியே போகுமேயன்றி உள்ளே வராதபடி ஏற்பாடு செய்கிறார்கள். ஹெப்பா என்னும் வடிகட்டியினூடே வடிந்த காற்று, சுழலாமல், ஒரே திசையில், ஒரே வேகத்தில் மேடையின் மீது ஓடிக்கொண்டிருக்கவேண்டும் என்ற யோசனையை 1960-களின் ஆரம்பத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவில் ஸாண்டியா ஆராய்ச்சி ஸ்தாபனத்திலிருந்த வில்லிஸ் விட்ஃபீல்டு என்ற பௌதிக விஞ்ஞானி. அணு ஆயுதங்களின் நுண்ணிய உறுப்புகளில் தூசு படியாமலிருப்பதற்காக அந்த ஸ்தாபனத்துக்குத் தேவைப்பட்ட காற்றுதான், இன்று குறைமாதக் குழந்தையின் ஆகாரத்தின்மீது வீசிக்கொண்டிருக்கிறது. சரித்திரத்தில் இத்தகைய விசித்திரங்களுக்குக் குறைவில்லை.

இவ்வளவு ஏற்பாடுகளுக்கும் நடுவில் அந்த அறையில் மிகுந்த அசுத்தமான வஸ்து எதுவென்றால், அங்கே வேலை செய்யும் மனிதரே. நிமிஷத்துக்கு நிமிஷம் ஆயிரக்கணக்கில் உதிர்ந்துகொண்டிருக்கும் தோலின் செதில்களில் ஏறிக்கொண்டு பாக்டீரியாக்கள் பிரயாணம் செய்கின்றன. ஆகையால் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி, முழங்கை வரை கழுவி, தலைமுடிக்கும் முகத்துக்கும் காலுக்கும் உறைகளிட்டு, கவுனும் அதன்மேல் கிருமி நீக்கிய கையுறையும் போட்டுக்கொண்ட பிறகே ஒருவர் மேடைக்கு முன் உட்காரலாம். உட்கார்ந்த பிறகும் அவருடைய கைகள் தம் இஷ்டப்படி அசைய முடியாது. குப்பியின் ரப்பர் மூடியை 70 சதவீத ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைந்த துணியால் ஒரே திசையில் துடைத்து, அது தானாக உலரும் வரையில் காத்திருக்கிறார்; ஊதுவதோ விசிறுவதோ கூடாது. ஊசியின் முனைக்கும் வடிகட்டியிலிருந்து வரும் காற்றுக்கும் நடுவே விரல் நுனிகூடக் குறுக்கிடாமல், குப்பியைப் பக்கவாட்டில் பிடித்து மருந்தை இழுக்கிறார். கவனம் ஒரு கணம் பிசகிக் கை மேலே வந்துவிட்டால், அந்தக் கையைத் தழுவி வரும் காற்றுத்தான் பிறகு ஊசியின்மேல் படுகிறது. பார்ப்பவருக்கு எதுவும் நடந்ததாகத் தோன்றாது.

கண்ணுக்குத் தோன்றாத இந்தப் பிழைகளைத் தோன்றச் செய்வதற்குத்தான் அகர் தட்டு இருக்கிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரில் கிருமிகளுக்கு வேண்டிய ஊட்டத்தைச் சேர்த்து உறையவைத்த சிறு வட்டத் தட்டு அது. (ராமேசுவரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறித்து வரும் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.) மேடையின் பரப்பில் அதை ஒற்றி எடுக்கிறார்கள்; 1,000 லிட்டர் காற்றை உறிஞ்சி அதன்மேல் படியச் செய்கிறார்கள்; வேலை செய்பவரின் கையுறையணிந்த பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக அதில் பதியச் செய்கிறார்கள். பிறகு உடம்பின் வெப்பத்தையொத்த சூட்டில் இரண்டு நாளும், அதைவிடக் குறைந்த சூட்டில் ஐந்து நாளும் வைத்திருந்தால், ஒரு கிருமி விழுந்த இடத்தில் ஒரு புள்ளி முளைத்துக் கண்ணுக்குத் தெரிகிறது. ஹூட்டுக்குள் எடுத்த காற்றில் ஒரு புள்ளிக்கு மேல் முளைத்தாலும், மேடையின் பரப்பில் மூன்றுக்கு மேல் முளைத்தாலும் நடவடிக்கை எடுத்தே தீரவேண்டும் என்பது மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூலான அமெரிக்க ஃபார்மக்கோப்பியாவின் 797-ஆம் அத்தியாயம் விதித்திருக்கும் எல்லை.

இதில் ஒரு சங்கடம் இருப்பதைக் கவனிக்கவேண்டும். தட்டு பேசுவதற்கு ஒரு வாரம் ஆகிறது. அறையில் அன்று கலந்த மருந்தோ அன்றைக்கே நோயாளியின் உடம்பில் ஏறிவிட்டது. ஆகையால் புள்ளியைக் கண்டதும் அறையைத் துடைப்பது மட்டும் போதாது. அந்த ஒரு வாரத்துக்குள் இந்த மேடையிலிருந்து என்னென்ன மருந்துகள் யார் யாருக்குப் போயின, இன்னும் செலுத்தாமல் வார்டுகளில் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பவை எவை என்று கணக்கெடுத்து, இருப்பவற்றை ஒதுக்கி நிறுத்திவைத்து, போய்விட்டவற்றைப் பற்றிச் சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்குச் சொல்லியாகவேண்டுமா என்று யோசிக்கவேண்டியிருக்கிறது. தட்டில் முளைத்ததனால் மருந்திலும் கிருமி இருந்தே தீரும் என்பதில்லை; இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இந்த நிச்சயமின்மையைத் தாங்கிக்கொண்டு தீர்மானம் செய்வதுதான், தூசுத் துகளை எண்ணுவதைவிடக் கடினமான வேலை என்பது என் அபிப்பிராயம்.

முளைத்தது எது என்று தெரிந்துகொள்வதில் பாதி விடை அடங்கியிருக்கிறது. கிருமிகளுக்கும் பிறந்த ஊர் உண்டு. தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ், மைக்ரோகாக்கஸ் வகைகள் தட்டில் வந்தால், யாரோ கை கழுவியதிலோ கையுறை போட்டதிலோ குறை நேர்ந்திருக்கிறது. பேஸில்லஸ் வகையின் தடித்த வித்துகள் வந்தால், மருந்து வந்த அட்டைப் பெட்டியை வெளியிலேயே பிரிக்காமல் யாரோ உள்ளே கொண்டுவந்திருக்கலாம். அட்டைப் பெட்டி என்பது அந்த அறைக்குச் சத்ரு. ஸூடோமோனாஸ் வந்தால் தண்ணீரை, கழுவு தொட்டியை, கசியும் குழாயைத் தேடவேண்டும். பூஞ்சை வந்துவிட்டாலோ கூரையின் ஈரம், சுவரிலுள்ள வெடிப்பு, ஏ.சி.யின் காற்றுக் குழாய், பக்கத்தில் நடக்கும் கட்டட வேலை ஆகிய எல்லாவற்றையும் பார்த்தாகவேண்டும். எல்லை மீறிய தட்டில் முளைத்தது இன்ன பேரினம் என்பதையாவது நுண்ணுயிர் நிபுணர் ஒருவரின் உதவியோடு கண்டறிய முயலவேண்டும் என்று விதி சொல்லுவது இதற்காகத்தான்.

பிறகுதான் துடைப்பு. அதிலும் ஒரு கிரமம் இருக்கிறது: கூரையில் தொடங்கிச் சுவர் வழியாகத் தரைக்கு, சுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு. முதலில் அழுக்கை அகற்றும் திரவம், பிறகு கிருமிநாசினி. ஆல்கஹாலுக்கு வித்துகளைக் கொல்லும் சக்தி கிடையாதாகையால், பூஞ்சையோ பேஸில்லஸோ வந்திருந்தால் பெராக்ஸைடு, பெராஸிட்டிக் அமிலம் போன்றவற்றைப் பூசி, லேபிளில் குறித்த நிமிஷங்கள் முழுவதும் பரப்பை ஈரமாகவே வைத்திருக்கவேண்டும். அவசரக்காரர் பூசிய கையோடு துடைத்துவிடுவார், வித்து பிழைத்துக்கொள்ளும். அதன்பின் வடிகட்டியில் ஓட்டை உண்டா என்று சோதித்து, மேடையில் புகையை விட்டு அது எப்படி ஓடுகிறது என்று பார்த்து, மருந்துக்குப் பதிலாகக் கிருமிகள் விரும்பும் ஊட்டத் திரவத்தைக் கலக்கச் சொல்லி அங்கே வேலை செய்பவர்களின் கைப்பழக்கத்தையும் பரீட்சித்து, மறுபடியும் தட்டு வைக்கிறார்கள். இந்த மறு பரிசோதனையில்தான் மனித சுபாவம் தன் வேலையைக் காட்டுகிறது. இன்ஸ்பெக்டர் வரும் அன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பதுபோல, தட்டு வைப்பதற்குச் சற்று முன்னால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டால் தட்டு சுத்தமாகவே வரும். ரிக்கார்டும் அழகாக இருக்கும். முதல் தட்டில் முளைத்ததைத் தட்டு எடுத்தவரின் கைப்பிழை என்று எழுதி வைத்துவிடுவதும் வழக்கமாகக் கையாளும் உபாயம்தான். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் அது அபாயகரமானது.

கருவி சொன்னதை நம்பாமல் கருவியையே குற்றவாளியாக்குகிற இந்த மனப்பான்மைக்கு 1972-இல் இங்கிலாந்தில் பிளிமத் நகரத்து டெவன்போர்ட் ஆஸ்பத்திரியில் விலை கொடுத்தார்கள். அங்கே ஏற்றப்பட்ட குளுக்கோஸ் பாட்டில்கள் தயாரான தொழிற்சாலையில், நீராவிச் சூட்டால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் அடிப்பாகத்தில் காற்று தங்கிவிட்டதால் கீழ்த் தட்டிலிருந்த பாட்டில்களுக்குப் போதிய சூடு ஏறவில்லை. அதை வெப்பமானி காட்டியது. வெப்பமானிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று தீர்மானித்து, நீராவி அழுத்தம் சரியாக இருப்பதைக் கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். கிருமி நிறைந்த அந்தத் திரவத்தோடு ஐந்து நோயாளிகளின் மரணம் சம்பந்தப்பட்டது.

நாற்பது வருஷங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் நடந்ததோ இதைவிடப் பன்மடங்கு பெரிது. 2012 செப்டம்பர் 18-ஆம் தேதி டென்னஸி மாநிலத்துச் சுகாதார இலாகாவுக்கு ஒரு டாக்டரிடமிருந்து செய்தி வந்தது: முதுகு வலிக்காக முதுகெலும்பை ஒட்டி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் கண்டிருக்கிறது, முதுகுத் தண்டு நீரில் பூஞ்சை இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குன்றாத மனிதருக்குப் பூஞ்சையால் மூளைக்காய்ச்சல் வருவது மிக அபூர்வம். அந்த ஓர் அபூர்வத்தை அலட்சியம் செய்யாமல் உடனே தெரிவித்த டாக்டரும், அதைக் கோப்பில் போட்டு மூடாமல் உடனே தேடத் தொடங்கிய இலாகாவும் இல்லையானால், இந்தக் கதையில் மரணத்தின் தொகை எங்கே போய் நின்றிருக்குமோ தெரியாது. நாஷ்வில் நகரத்தில் அதே கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களிடமும் அதே நோய் தென்பட்டது. ஊசி மருந்து மஸாசூஸெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரிலிருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்னும் மருந்துக் கலவைக் கூடத்திலிருந்து வந்தது. ஒரு வாரத்துக்குச் சற்று மேல் கழித்து, செப்டம்பர் 26-ஆம் தேதி, அந்த மருந்தின் மூன்று தொகுதிகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் அவற்றின் 17,000-க்கு மேற்பட்ட குப்பிகள் 23 மாநிலங்களுக்குப் போய், ஏறக்குறைய 14,000 பேர் உடம்பில் ஏறியிருந்தன.

முதல் நோயாளியிடம் கண்டது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. அதன்பின் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் கண்டதோ எக்ஸெரோஹிலம் ராஸ்ட்ரேட்டம் என்னும் கரும்பூஞ்சை. மண்ணிலும் புல் இனத்துப் பயிர்களிலும் வாழ்ந்துவிட்டுப் போகிற அது மனிதரைத் தொடுவது வைத்திய நூல்களின் அடிக்குறிப்பில் மட்டுமே இருந்தது. அந்தக் கூடத்துக்குள் அது எப்படிப் புகுந்தது என்று கேட்பதைவிட, எப்படிப் புகாமலிருந்திருக்கும் என்று கேட்பதே பொருத்தம். பக்கத்திலேயே அதே உரிமையாளர்களுக்குத் தொடர்புள்ள ஒரு பழம்பொருள் மறுசுழற்சிக் கூடம் தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. கிளீன் ரூமை அடுத்திருந்த பாய்லர் ஒழுகித் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே அளவில் வைத்திருக்கவேண்டிய ஏ.சி.யை இரவு 8 மணிக்கு நிறுத்தி விடியற்காலை 5.30-க்குத்தான் மறுபடி போட்டார்கள். மின்சாரச் செலவு மிச்சம் என்றே நினைக்கத் தோன்றுகிறது. அந்த ஸ்டீராய்டு, துகள்கள் மிதக்கும் பால்போன்ற கலவையாதலால் நுண்ணிய வடிகட்டியில் வடித்துக் கிருமி நீக்க வழியில்லை. சூடு ஒன்றே கதி. அந்தச் சூட்டையும் ஆட்டோகிளேவில் வேண்டிய 20 நிமிஷம் முழுவதும் கொடுக்கவில்லை என்று மாநில அதிகாரிகள் கண்டார்கள். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே சரக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

இவையெல்லாம் பின்னால் தெரிந்தவை. ஆனால் முன்னாலேயே தெரிந்தது ஒன்று உண்டு. அக்டோபர் 26-ஆம் தேதி, அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவான எஃப்.டி.ஏ. வெளியிட்ட அறிக்கையில் என் மனத்தை அதிகமாகத் தாக்கியதும் அதுதான். அந்தக் கூடத்தார் தட்டு வைக்காமலிருக்கவில்லை. வைத்தார்கள். 2012 ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரையில் அவர்களுடைய சொந்தத் தட்டுகளிலேயே, கிளீன் ரூமுக்குள்ளேயே, பாக்டீரியாவும் பூஞ்சையும் மறுபடி மறுபடி முளைத்தன, எல்லையை மீறின. காரணத்தைத் தேடியதாகவோ திருத்தியதாகவோ ஒரு குறிப்பும் அவர்களுடைய ஏடுகளில் இல்லை. தட்டு எடுத்தவர் எடுத்தார். எண்ணியவர் எண்ணி எழுதினார். வேலையை நிறுத்துவதற்கு அதிகாரம் படைத்தவர் நிறுத்தவில்லை. ஒன்பது மாதங்கள் உண்மை அந்தக் கட்டடத்திலேயே காகிதத்தில் எழுதப்பட்டு உறங்கியது. கடைசியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது நுண்நோக்கிக்கூட அவசியப்படவில்லை: ஒரு தொட்டியிலிருந்த 321 குப்பிகளில் 83-இல் பச்சையும் கறுப்புமான பொருள் கண்ணுக்கே தெரிந்தது, 17-இல் வெள்ளை நூல் இழைகள் மிதந்தன. சோதனைச் சாலைக்கு எடுத்துப்போன 50 குப்பிகளில் ஐம்பதிலும் கிருமி வளர்ந்தது.

சில குப்பிகளைச் சோதித்து, சுத்தம் என்று சான்று வாங்கிவிட்டால் போதாதா என்று வாசகர் கேட்கலாம். நூற்றுக்கு ஒரு குப்பியில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 20 குப்பிகளை எடுத்துச் சோதித்தால், ஐந்து தடவையில் நான்கு தடவை அவை இருபதும் சுத்தமாகவே வரும் என்று கணக்குச் சொல்லுகிறது. ஆகவே முடிந்த மருந்தைச் சோதிப்பதில் கிடைக்கும் நிம்மதி அற்பமானது. மருந்து பிறந்த அறையையும் பிறப்பித்த கைகளையும் சோதிப்பதில்தான் தைரியம் கிடைக்கிறது. ஃப்ரேமிங்ஹாமில் அந்தச் சோதனை நடந்தும் பயனில்லாமல் போயிற்று.

753 பேருக்கு நோய் கண்டது. 64 பேர் இறந்தார்கள் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு. பிழைத்தவர்களின் பாடும் இலேசானதல்ல. பூஞ்சையைக் கொல்லும் வோரிகொனஸோல், ஆம்ஃபோடெரிஸின் மருந்துகளை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டியிருந்தது. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் ஈரல், சிறுநீரகம் கெடுவதும் அந்த மருந்துகளின் உபத்திரவங்களில் சில. மிச்சிகன் மாநிலத்தில், புதிதாக வலி எதுவும் இல்லாதவர்களையும் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் தொற்று ஓசையில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. கூடத்தின் தலைவருக்கு 2017-இல் 9 வருஷம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, 2021-இல் அது பதினான்கரை வருஷமாக உயர்த்தப்பட்டது. மேற்பார்வை ஃபார்மஸிஸ்டுக்கு 8 வருஷம், பிறகு பத்தரை. இருவரையும் கொலைக் குற்றத்திலிருந்து ஜூரிகள் விடுவித்தார்கள். விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயம் சிரிப்பையும் வருத்தத்தையும் சேர்த்தே தருவது: ஒவ்வொரு மருந்தும் பெயர் குறித்த ஒரு நோயாளிக்காகவே கலக்கப்படவேண்டும் என்ற சட்டத்துக்கு ஈடுகட்டுவதற்காக, பிரபலஸ்தர்களின் பெயர்களையும் கற்பனைப் பெயர்களையும் எழுதிய சீட்டுகள் அங்கே இருந்தன.

அந்தச் சட்டத்தின் சந்தில்தான் கூடம் வளர்ந்திருந்தது. சீட்டுக்கு ஒரு மருந்து கலக்கும் கடை என்ற வேஷத்தில், மாநில ஃபார்மஸி போர்டின் பார்வையில் இருந்துகொண்டே, தொழிற்சாலையின் அளவில் அது உற்பத்தி செய்தது. 2013 நவம்பர் 27-ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம், மொத்தமாகக் கலந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறவர்களுக்கென்று தனி வகுப்பு ஒன்றை ஏற்படுத்தியது. விரும்பிப் பதிவு செய்துகொண்டால் மருந்துத் தொழிற்சாலைக்குரிய கண்டிப்பான நெறிகளும் எஃப்.டி.ஏ.யின் நேரடிப் பரிசோதனையும் அவர்களுக்கு உண்டு. ஆஸ்பத்திரிக் கலவை அறைகளுக்கான 797-ஆம் அத்தியாயமும் நீண்ட விவாதங்களுக்குப் பிறகு திருத்தப்பட்டு 2023 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது.

அதே 2023-ஆம் வருஷம் நம் ஊரையும் இந்த விஷயத்தில் இழுத்துவிட்டது. சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்ற, கண் வறட்சிக்கான ஒரு சொட்டு மருந்தோடு, எளிதில் எந்த மருந்துக்கும் மசியாத ஸூடோமோனாஸ் கிருமி சம்பந்தப்படுத்தப்பட்டது. இது ஆஸ்பத்திரி அறையில் கலந்ததன்று, தொழிற்சாலைச் சரக்கு. ஆயினும் கிருமியற்ற மருந்தின் நியாயம் இரண்டுக்கும் ஒன்றே. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 14 பேருக்குப் பார்வை இழப்பு. நான்கு பேருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். பிப்ரவரியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. கெட்டுப்போகாமலிருப்பதற்கான பாதுகாப்புப் பொருள் சேர்க்காத பாட்டில், பல தடவை திறந்து விட்டுக்கொள்வது. அப்படிப்பட்ட பண்டத்துக்குத் தயாரிக்கும் இடத்தில் எவ்வளவு சுத்தம் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு சம்பவங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. ஃப்ரேமிங்ஹாம் ஊசி எந்தத் தொகுதி, எந்தக் கிளினிக்குக்கு, எந்தத் தேதியில் போயிற்று என்பதற்கு ரசீதுகள் இருந்தன. யாருக்குப் போட்டார்கள் என்பதற்குக் கிளினிக்குகளில் கேஸ் ஷீட்டுகள் இருந்தன. ஆகவே சுகாதார ஊழியர்கள் டெலிபோனிலும் வீட்டுக்கு நேரில் போயும், சில வாரங்களுக்குள்ளாகவே அந்த 14,000 பேரில் ஏறக்குறைய எல்லாரையும் தேடிப்பிடித்து, தலைவலியும் கழுத்துப் பிடிப்பும் வந்தால் உடனே வரவேண்டும் என்று எச்சரிக்க முடிந்தது. நோய் முற்றுமுன் சிகிச்சைக்கு வந்தவர்கள் அதனால்தான் வந்தார்கள். கண் சொட்டு மருந்துக்கு அப்படி ஒரு ஜாபிதா இல்லை. கடையிலும் இணையத்திலும் யார் யாரோ வாங்கியது. நோயாளிகளை ஒவ்வொருவராகக் கேட்டு, அவர்கள் சொன்ன பத்துக்கு மேற்பட்ட பெயர்களிலிருந்து, எந்தச் சொட்டு மருந்து என்று கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. பிறகும் பொது அறிவிப்புத் தவிர வேறு வழியில்லை.

நம் மருந்துக் கடைகளில் கொடுக்கும் பில்லில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் பேட்ச் நம்பர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. கடைப் படியிறங்குமுன்பே அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போடுகிறவர்களே அதிகம். ஊசியும் கண் மருந்தும் வாங்கினால் அந்த மருந்து தீர்ந்த பிறகும் சில மாதங்களாவது அதை எடுத்துவைப்பது நல்லது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு அந்தக் காகிதமும் கிடையாது. மேடையில் கலந்து பையில் ஏற்றும் மருந்தில் எந்தக் குப்பியிலிருந்து எவ்வளவு சேர்ந்தது, எந்த நேரத்தில், யார் கையால் என்பதைப் பையின் லேபிளிலும் கலவை அறையின் ஏட்டிலும் நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் எழுதவேண்டியவர் அந்த ஃபார்மஸிஸ்டும் நர்சுமே. ஒரு வாரம் கழித்துத் தட்டில் புள்ளி முளைக்கும்போது, அந்தப் பை எந்தக் கட்டிலுக்குப் போயிற்று என்று கேட்டால் பதில் அந்த மூன்று இடங்களிலிருந்துதான் வரவேண்டும்.